ரிவர்ஸ்ல காரைப் பில்லருக்கு நடுவுல விடுறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மேற்கு மாம்பலம்:
எங்க ஃப்ளாட்ல கார் பார்க்கிங் தரைத்தளத்துல, ரெண்டு பில்லருக்கு நடுவுல. போன வாரம் மாடி வீட்டுக்காரர் கூப்பிட்ட ஆக்டிங் டிரைவர் எர்டிகாவை ஒரே மூச்சுல உள்ள விட்டார். வாட்ச்மேன் "வா, வா, வரலாம் வா"ன்னு கத்துனதை அவர் காதுலயே போட்டுக்கல. கேட்டேன். "எவ்ளோ இடம் இருக்குன்னுதான் சார் அவர் சொல்வாரு. எப்ப ஒடிக்கணும்னு கண்ணாடிதான் சொல்லும்."

இடம் இடப்பக்கம். அதைத் தாண்டிப் போய், மூக்கை வலப்பக்கம் திருப்பி நிறுத்தினார். இப்பவே வண்டியோட பின்பக்கம் பாதி உள்ள பார்க்குது. இடது கண்ணாடியைப் பின் டயர் தெரியுற அளவுக்கு இறக்கிட்டு, லெஃப்ட்ல ஒடிச்சு ஊர்ந்தார். பின் கதவுக்கும் பில்லருக்கும் இடைவெளி குறைஞ்சா ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டார், கூடினா இன்னும் ஒடிச்சார். வண்டி நேராகறதுக்குச் சற்று முன்னாடியே திருப்பி எடுக்க ஆரம்பிச்சுட்டார். நிறைய பேர் கோட்டை விடுறது இந்தக் கடைசி இடத்துலதான்னு நினைக்கிறேன். முழுசா நேரானப்புறம் எடுத்தா பின்பக்கம் அதே இடது பில்லர் பக்கம் போயிடும்.

அண்ணா நகர்:
பின் சக்கரம் திரும்பாது, அதான் முதல்ல அதை உள்ள அனுப்புறோம். திரும்புற முன் சக்கரத்துக்கு வெளியில இடம் கிடைக்குது. ஆனா அதே காரணத்தால முன் மூலை எதிர்ப்பக்கமா வீசும். எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் பின்னாடியே கண்ணை வெச்சு வந்து, எதிர்ல நின்ன ஆக்டிவாவோட ஹேண்டில்பாரைச் சாய்ச்சுட்டார். பின் சென்சார் மூச்சே விடல. 2019 ஜூலை 1 முதல் புது கார்கள்ல அது கட்டாயம்தான், ஆனா பின் பம்பரை மட்டும்தான் பார்க்கும். வலப்பக்க இடம் கிடைச்சா விட்டுடாதீங்க. நம்ம ஊர் வண்டியில டிரைவர் சீட்டு வலப்பக்கம், ஜன்னல்ல எட்டிப் பார்த்தாலே பில்லர் தெரியும்.

வடபழனி, கால் டாக்ஸி ஓட்டுறேன்:
வண்டி நின்ன இடத்துல ஒடிக்காதீங்க. டைல்ஸ் தரைன்னா டயர் கிறீச்சுன்னு அரையும், ஸ்டியரிங் மோட்டாருக்கும் பாரம். வண்டி நகர நகர ஒடிங்க. பெரும்பாலான கார்ல ஸ்டியரிங் நேரா இருக்கறதுலேருந்து ஒரு பக்கம் முழுசா ஒடிக்க ஏறக்குறைய ஒன்றரை சுத்துதான். எத்தனை சுத்து ஒடிச்சோம்னு கணக்கு வெச்சா, சக்கரம் எப்படி நிக்குதுன்னு இறங்கிப் பார்க்க வேண்டியதில்ல. அப்புறம், மழைக்காலத்துல ரிவர்ஸ் கேமராவுல சேறு அப்பியிருக்கும். ஏறுறதுக்கு முன்னாடி துணியால ஒரு தடவை துடைச்சுடுங்க.