கிரேக்கக் கதை வீரன் ஹெராக்ளிஸ் (ஹெர்குலிஸ்) சிலையைச் சுத்தி வந்து பின்பக்கம் பார்த்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நான் கப்பல்ல செகண்ட் இன்ஜினியர். ஒன்பது மாச கான்ட்ராக்ட்ல எட்டாவது மாசம், ஜெனரேட்டர் ஓவர்ஹால் முடிச்ச கையோட இத்தாலி நேப்பிள்ஸ்ல ஒரு பகல் ஷோர் லீவ் கிடைச்சுது. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு, இருந்தாலும் ஆர்க்கியாலஜி மியூசியத்தைப் பார்த்தே ஆகணும்னு மெட்ரோ ஏறிட்டேன். மூசேயோ ஸ்டேஷன்ல இறங்கினா உள்ளயே ஹெராக்ளிஸ் சிலையோட காப்பி ஒண்ணு நிக்குது, ஒரிஜினல் மேல மியூசியத்துக்குள்ள. ஃபர்னேஸே ஹெர்குலிஸ்னு சொல்வாங்க.

உயரம் மூணு மீட்டருக்கு மேல. தோளும் நெஞ்சும் பாறை பாறையா இருக்கு, ஆனா தலை மட்டும் தொங்கிக் கிடக்கு. இடது அக்குள்ல கதாயுதத்தைக் கொடுத்து, அதுக்கு மேல சிங்கத்தோலைப் போட்டு, மொத்த பாரத்தையும் அது மேல சாய்ச்சிருக்கான். ஜெயிச்சவன் நிக்கிற நிலையே இல்லைங்க, நைட் வாட்ச் முடிச்சு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு மாதிரி இருந்தான். எனக்கு என்னமோ தொண்டை அடைச்சிருச்சு.

அங்க இருந்த வயசான கார்டு ஒருத்தர் என்னைப் பார்த்து, சுத்திப் போய்ப் பாருன்னு விரலால காட்டினார். போனேன். வலது கையை முதுகுக்குப் பின்னாடி மடக்கி வச்சிருக்கான், உள்ளங்கைக்குள்ள ஆப்பிள். ஹெஸ்பெரிடிஸ்ங்கிற தேவதைங்க தோட்டத்துத் தங்க ஆப்பிள், அவ்வளவு வேலையும் செஞ்சு கடைசியில கிடைச்சது அதுதான், அதைப் போய் யாருக்கும் காட்டாம பின்னாடி வச்சிருக்கான்.

கதை தெரியாதவங்களுக்காக: ஹேராங்கிற பெண் தெய்வம் பைத்தியம் பிடிக்க வச்சதுல இவன் தன் பிள்ளைங்களைத் தானே கொன்னுட்டான். அதுக்குப் பரிகாரமாத்தான் யூரிஸ்தியஸ் ராஜா கிட்ட பன்னிரண்டு வேலை, அந்த ராஜா இவன் கால் தூசிக்குக் கூட ஆக மாட்டான். வேலை முடிஞ்சா சாகாவரம்னு சொல்றாங்க, ஆனா சாகாவரம் வந்து என்ன, பிள்ளைங்க திரும்பி வரப்போறதில்லையே. முன்னாடி நின்னு பார்க்கிறவனுக்குப் பலம்தான் தெரியும், அந்தப் பலம் எதுக்காக இவ்வளவு உழைச்சுதுன்னு தெரியணும்னா பின்னாடி போய்த்தான் ஆகணும். முதல்ல வெண்கலத்துல செஞ்சது கிரேக்கச் சிற்பி லிசிப்போஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டு, அது இப்ப இல்ல. நாம பார்க்கிறது ஏதென்ஸ்காரர் கிளைக்கோன் செஞ்ச மார்பிள் காப்பி, கதாயுதத்துக்குக் கீழ இருக்கிற பாறையில தன் பேரை வெட்டி வச்சிருக்கார். ரோம்ல கரகல்லா குளியல் மண்டபத்துல நின்ன சிலை இது, உடம்பை முறுக்கேத்திக்கிட்டு எக்சர்சைஸ் பண்ண வந்தவங்க கண்ணு முன்னாடி இப்படி ஓய்ஞ்சு போன ஒருத்தனை நிறுத்தியிருக்காங்க பாருங்க.

*

அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சதும் எனக்கு கிரீஸ்ல பழைய ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியா ஞாபகம் வந்துருச்சு. அங்க ஜீயஸ் கோயில்ல இவரோட பன்னிரண்டு வேலையையும் பன்னிரண்டு கல் பலகையில செதுக்கி, முன்வாசல் மேல ஆறு பின்வாசல் மேல ஆறுன்னு வச்சிருந்தாங்க. கோயில் முடிஞ்சது கி.மு. 457 வாக்குல. கொஞ்சம் துண்டுங்க 1829ல பிரெஞ்சுக்காரங்க எடுத்துட்டுப் போய் பாரிஸ் லூவ்ர்ல இருக்கு, மிச்சம் ஒலிம்பியா மியூசியத்துலயே.

முதல் பலகையில அவருக்குத் தாடி கூட முளைக்கல. சிங்கத்தைக் கொன்னு அது மேல ஒரு காலை வச்சுக்கிட்டு, தலையைக் கையில தாங்கி நிக்கிறார். முதல் வேலையிலேயே அந்தக் களைப்பு, இன்னும் பதினொண்ணு பாக்கி.

ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது அட்லஸ் பலகை முன்னாடிதான். வானத்தைத் தாங்கிக்கிட்டு இருந்த அட்லஸ் ஆப்பிள் கொண்டு வரப் போனதால அதை இவர் சுமக்கிறார். தோள்ல என்ன தெரியுமா, மடிச்ச தலகாணி! சுமை தூக்குறவங்க சும்மாடு வைப்பாங்களே, அதே மாதிரி. பின்னாடி அத்தீனா தெய்வம் நின்னுக்கிட்டு ஒரே ஒரு கையை லேசா மேல தூக்கித் தாங்குறா, அவருக்கு அது கண்ணுல கூடப் படாது, அவர் முகம் எதிர்ல ஆப்பிளை நீட்டுற அட்லஸ் பக்கம் இருக்கு. எங்கம்மா நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்க அண்ணா, பார்த்துக்கிட்டது நான்தான், நான் ஒத்தையாளா சுமக்கிறேன்னுதான் அப்பல்லாம் நினைச்சுக்கிட்டு இருந்தேன், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துட்டுப் போன பக்கத்து வீட்டு அத்தை முகம் அந்தக் கல்லு முன்னாடி நிக்கும்போதுதான் வந்துச்சு. அங்கேயே அழுதுட்டேன்.

இன்னொரு பலகை ஆகியஸ் ராஜாவோட தொழுவத்தைச் சுத்தம் பண்றது. அந்த ராஜா ஒலிம்பியா இருக்கிற அதே எலிஸ் நாட்டுக்காரன், உள்ளூர்க் கதை. ஓட்டப்பந்தயத்துக்கும் மல்யுத்தத்துக்கும் வந்த வீரனுங்க தலைக்கு மேல, ஹீரோ சாணி தள்ளுற காட்சியைப் போய் வச்சிருக்காங்க, அத்தீனா பக்கத்துல நின்னு வழி காட்டுறா. இதை வைக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

*

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா அண்ணன் சொன்ன ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடில்லைங்க. நான் துருக்கி அன்டால்யா மியூசியத்துல இதே சாஞ்ச ஹெராக்ளிஸோட இன்னொரு ரோமன் காப்பியைப் பார்த்தேன். கீழ்ப்பாதி 1980ல பக்கத்துல இருக்கிற பழைய நகரம் பெர்கேல தோண்டும்போது கிடைச்சது, மேல்பாதி அமெரிக்காவுல பாஸ்டன் மியூசியத்துல இருந்துச்சு. 1992ல ரெண்டுக்கும் அச்சு எடுத்து வச்சுப் பார்த்தா கச்சிதமா பொருந்துது, ஆனாலும் 2011லதான் மேல்பாதி வீடு வந்து சேர்ந்துச்சு. இடுப்புல அந்த ஒட்டு இப்பவும் தெரியும்.

அதைப் பார்த்தப்போ எனக்குச் சோகம் தோணல. முச்சந்தியில இவன் முன்னாடி ரெண்டு பொண்ணுங்க வந்து நின்ன கதை இருக்கு, புரோடிகஸ்ங்கிற கிரேக்க அறிஞர் சொன்னதை சாக்ரடீஸ் எடுத்துச் சொன்னதா, அவரோட சீடர் செனபோன் எழுதி வச்சிருக்கார். ஒருத்தி சுகமான வழியைக் காட்டுறா, இன்னொருத்தி கஷ்டமான வழி, ஆனா நேர்மையான வழி. அவன் தெரிஞ்சேதான் கஷ்டத்துல நடந்தான். அதனால அந்தச் சாய்வு எனக்குத் தோத்தவன் சாய்வாவோ குத்தம் பண்ணவன் சாய்வாவோ படல, சொன்ன வேலையை முடிச்சிட்டோம்ங்கிற நிம்மதியாத்தான் பட்டுச்சு.

*

தம்பி சொல்றது நியாயமா இருக்கலாம். ஆனா நிம்மதின்னா முகம் ஏன் அப்படி இருக்கணும், நேப்பிள்ஸ்ல அந்தக் கண்ணைக் கீழ இருந்து பார்த்திருந்தா நீங்களும் யோசிப்பீங்க. அது ரெண்டும் சேர்ந்தே இருக்கக் கூடாதான்னும் இப்ப தோணுது.

தங்கச்சி சொன்ன சும்மாடுதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அடுத்த மாசம் ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல ரெண்டு நாள் நிக்கிறோம். அங்க இருந்து ஒலிம்பியா போய்ட்டு ஒரே நாள்ல திரும்பிட முடியுமாம்மா? காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?