புதுசா கவுன்சிலர் ஆன அண்ணிக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றது?

கொருக்குப்பேட்டை தம்பி (மார்ச் 2022)
எங்க அண்ணி இந்த சென்னை மாநகராட்சி எலெக்‌ஷன்ல ஜெயிச்சுட்டாங்க, தண்டையார்பேட்டை மண்டலம், லேடீஸ் வார்டு, 2ஆம் தேதி பதவியும் ஏத்துக்கிட்டாங்க. பத்து வருஷமா மகளிர் குழு நடத்துனவங்க, எந்த வீட்ல என்ன பிரச்சனைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க, ஆனா மண்டல ஆபீஸ் உள்ள போனது வீட்டு வரி கட்ட மட்டும்தான். காலைல 6 மணிக்கே வாசல்ல பத்து பேர். பைப்ல சாக்கட தண்ணி வருது, லைட் எரியல, ஒரு பெரியவர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ட சீக்கிரம் தொறக்கச் சொல்லும்மான்றாரு. அண்ணி எல்லாத்துக்கும் சரி சரின்னுடறாங்க, எனக்குத்தான் வயித்த கலக்குது. அண்ணன் வேற ஆபீஸ் விஷயம்லாம் நான் பாத்துக்கறேன்னு கெளம்பிட்டாரு. ட்ரெய்னிங் ஏதாவது குடுப்பாங்களா?

ரிடையர்டு இன்ஜினியர்
வகுப்பு வெப்பாங்க தம்பி, சட்டம், விதி, பட்ஜெட்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி எது யாரோடதுன்னு தெரியணும். குடிதண்ணியும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், 1978லேர்ந்து தனி வாரியம். குப்ப, மழைநீர் வடிகால், தெருவிளக்கு மாநகராட்சி. கரன்ட் போனா ஈபி. ரோட்டுலயே உள்தெருவ மண்டலம் பாக்கும், பஸ் போற ரோட்டுக்குத் தனி டிபார்ட்மென்ட். சிக்கல் எங்கன்னா, மழைநீர் வடிகால்ல எவனாவது கழிவுநீர் கனெக்‌ஷன் குடுத்து வெச்சிருப்பான், ரெண்டு ஆபீஸும் ஒண்ண ஒண்ணு கை காட்டும். ரெண்டு இன்ஜினியரையும் ஒரே நேரத்துல அந்த மேன்ஹோல் பக்கத்துல நிக்க வைக்கச் சொல்லுங்க, தனித்தனியா கூப்பிட்டா ஒரு வருஷம் ஓடிடும். 2016லேர்ந்து கவுன்சிலே இல்ல, ஆறு வருஷமா கேள்வி கேக்க ஆளில்லாம பழகிட்டோம் நாங்களும், ஒத்துக்கறேன்.

காசிமேட்டான்
இன்னாபா தம்பி, மொதல்ல உங்கண்ணன உக்கார வை. ஜனங்க ஓட்டு போட்டது அண்ணிக்கு. மொத மீட்டிங்குக்கு இவரு போய்க்கினாருன்னு வை, அப்பால ஆபீசருங்க இவரு நம்பருக்குத்தான் போன் போடுவான், அஞ்சு வருசம் ஆனாலும் மாறாது. கான்ட்ராக்ட் கின்ட்ராக்ட் எடுக்குற ஐடியா கீதான்னும் கேட்டுக்கோ, மாநகராட்சி வேலைல கவுன்சிலருக்கு மறைமுகமா பங்கு இருந்தாக்கூட சீட்டு காலி.

விம்கோ நகர் அக்கா
2011 கவுன்சில்ல ஒரு கவுன்சிலரம்மாவுக்கு ஆபீஸ் வேல பாத்தவ நான். அண்ணிய "சரி"ன்ற வார்த்தைய விடச் சொல்லுப்பா, "வியாழக்கிழம பதில் சொல்றேன்"னு சொல்லட்டும், சொன்ன மாதிரி சொல்லணும், முடியலன்னாலும். ஒரு நீள நோட்டு போடு. தேதி, தெரு, மாநகராட்சியோட 1913 போன்ல பதிஞ்ச புகார் நம்பர், எந்த ஆபீசர் என்ன சொன்னாரு. மன்றத்துல எழுந்து சத்தம் போட்டா ரெண்டு நிமிஷம் கை தட்டுவாங்க, அந்த நோட்டப் பாத்து தேதி சொல்லிக் கேட்டாதான் பதில் வரும். அப்புறம் காலைல குப்ப வண்டி வர்ற நேரத்துக்கு வார்ட நடந்து சுத்தட்டும், துப்புரவுப் பணியாளருங்க கிட்ட பேசினா போதும், எந்த தெருவுல எது அடைச்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாததா.

கொருக்குப்பேட்டை தம்பி (ஆகஸ்ட் 2023)
ரொம்ப நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்குங்க. நோட்டு இப்ப நாலாவது ஓடுது. மேன்ஹோல் ஐடியா ஒர்க் ஆச்சு சார், மூணு தடவ வரச்சொல்லி நாலாவது தடவதான் ரெண்டு பேரும் வந்தாங்க, அது வேற கத. ஜூலைலேர்ந்து கவுன்சிலருங்களுக்கு மாசம் 10,000 மதிப்பூதியம், வாசல்ல டீ செலவுக்கே சரியாப் போகுது. வார்டு மேம்பாட்டு நிதி 35 லட்சம் இந்த வருஷம் 40 ஆச்சு, பாதிப் பேர் அது அண்ணி பேங்க்ல வந்து விழுதுன்னு நெனைக்கிறாங்க, இவங்க வேலையச் சொல்லலாம், எஸ்டிமேட் டெண்டரெல்லாம் மாநகராட்சிதான்னு சொன்னா நம்ப மாட்றாங்க. அண்ணன் ஆறு மாசம் மொறச்சுக்கிட்டு இருந்தாரு, இப்ப அண்ணி மாநகராட்சி ஹெட் ஆபீஸ் ரிப்பன் பில்டிங் போற அன்னிக்கு அவரே சமைக்கிறாரு, சாம்பார் சுமார்.

ரயில்வே கேட் பெரியவர் மட்டும் வாராவாரம் வந்துடறாரு. அது ரயில்வேகாரங்க வேலைன்னு அண்ணி சொல்லியாச்சு, "தெரியும்மா, நீ ஒரு லெட்டர் எழுதேன்"றாரு.