போடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

'த்ரீ டேஸ் ஆஃப் த காண்டோர்' (1975) படத்தின் நாயகன் டர்னர் கொல்லப்படுவான், படம் அதைத்தான் சொல்கிறது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

படத்தை ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர் ஒருவர். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்காகப் புத்தகம் படிப்பதே வேலையான டர்னர் (ராபர்ட் ரெட்ஃபோர்ட்), சாப்பாடு வாங்கப் பின்வாசல் வழியாகப் போய்த் திரும்புவதற்குள் அலுவலகமே பிணக்காடாகிவிடும். அப்போதுகூட அந்த ஆசிரியர் அசையவில்லை. கடைசிக் காட்சியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண்ணெய்க்காக மத்தியக் கிழக்கில் புக சிஐஏவுக்குள் சிலர் தீட்டிய திட்டத்தை நியூயார்க் டைம்ஸிடம் சொல்லிவிட்டதாக, அந்தப் பத்திரிகைக் கட்டடத்தின் அருகிலேயே நின்று சொல்கிறான் டர்னர். 'போடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்கிறார் சிஐஏ அதிகாரி ஹிக்கின்ஸ். டர்னரின் முகம் உறைந்து நிற்க, படம் முடிகிறது.

"போட்டிருப்பார்களா சார்?" என்று கேட்டேன்.

"தம்பி, செய்தியைக் கொல்லச் சதியெல்லாம் வேண்டாம். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று மேலே ஒருவர் சொன்னால் போதும்" என்றார்.

உண்மை வரலாறும் இரு பக்கமும் சாய்கிறது. சிஐஏ சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததை 1974 டிசம்பரில் அம்பலப்படுத்தியது இதே பத்திரிகைதான். மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியைத் தூக்க சிஐஏ ரகசியமாக முயன்ற செய்தியை, அந்த அமைப்பு கேட்டுக்கொண்டதால் 1975 தொடக்கத்தில் நிறுத்திவைத்ததும் இதே பத்திரிகைதான். இன்னொருவர் வெளியிட்ட பிறகே போட்டது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அமெரிக்க அரசு நடத்திய ஒட்டுக்கேட்பு விவகாரத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து 2005 டிசம்பரில் வெளியிட்டது.

டர்னர் சாவான் என்பவர்கள் கூலிக்கொலையாளி ஜூபேரின் எச்சரிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வசந்தத்தில் ஒரு நாள் தெரிந்த முகம் காரிலிருந்து இறங்கும் என்கிறானே, அது. மாக்ஸ் வான் சிடோ அதைச் சொல்லும் அமைதிக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் இயக்குநர் சிட்னி போலாக் படத்தை அங்கே முடிக்கவில்லையே.

என்னை அதைவிட உறுத்துவது ஹிக்கின்ஸின் இன்னொரு வாதம். எண்ணெயும் உணவும் தீரும் நாளில் மக்கள் எங்களிடம் நியாயம் கேட்க மாட்டார்கள், எப்படியாவது கொண்டுவா என்பார்கள் என்கிறார். மூல நாவலில் சதியின் காரணம் போதைப்பொருள். எண்ணெய் படத்தில்தான் நுழைந்தது. 1973 நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அமெரிக்கர்கள்தான் அதன் முதல் பார்வையாளர்கள். செய்தி அச்சாகியிருந்தாலும் அவர்களில் எத்தனை பேர் கோபப்பட்டிருப்பார்கள்?