ஓட்டுக் கூரையைக் கம்பில் கட்டிய கேமராவால் பார்க்க முடியுமா?

தக்கலை வீடு:
அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் அம்மாவும் நானும் வசிக்கிறோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் முன்பக்கச் சரிவின் ஓடுகள் பல பறந்துபோயின. அந்த நேரத்தில் கையில் கிடைத்த ஓடுகளைப் போட்டுச் சரிசெய்தோம். இப்போது மழை பெய்தால் நடு அறையின் கிழக்குச் சுவரோரம் ஒழுகுகிறது. ஓடு மாற்றுபவரை இரண்டு முறை ஏற்றிப் பார்த்தோம். ஒழுகும் இடம் தெரியவில்லை, அவர் மிதித்ததில் வேறு நான்கு ஓடுகள் உடைந்ததுதான் மிச்சம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்க மூன்று வாரங்களே உள்ளன. என்னிடம் ஆக்‌ஷன் கேமரா ஒன்று இருக்கிறது. மாங்காய் பறிக்கும் தோட்டியின் நுனியில் அதைக் கட்டிக் கூரையைப் பார்க்கலாமா? கிணற்றின் உட்சுவரையும் அப்படியே பார்க்க இயலுமா?

விளவங்கோடு:
தாராளமாகப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். கேமராவைக் கயிற்றால் மட்டும் கட்டினால் அது திரும்பிக்கொண்டே இருக்கும். முக்காலியில் பொருத்தும் கால் அங்குலத் திருகாணியைக் கம்பின் நுனியில் பதித்து அதில் மாட்டுங்கள். திருகாணி கழன்றாலும் கேமரா விழாதபடி ஒரு நைலான் கயிற்றைத் தனியாகக் கம்போடு முடிந்துவிடுங்கள்.

புகைப்படம் எடுக்க வேண்டாம். 4கே காணொளியாகப் பதிவுசெய்து, பிறகு பெரிய திரையில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இவ்வகைக் கேமராக்களின் குவியம் (ஃபோகஸ்) பெரும்பாலும் மாறாதது. ஓட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் படம் மங்கிவிடும், மிக விலகினால் அகன்ற கோணத்தில் விரிசல் மயிரிழையாகச் சுருங்கிவிடும் என்பதால், ஒன்றரை முதல் மூன்று அடி தூரத்தில் பிடித்து, ஒரு வரிசை ஓட்டைக் கடக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை ஏழு மணிச் சாய்வெயிலில், தூக்கிக்கொண்டிருக்கும் ஓட்டின் விளிம்பு தன் நிழலாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அரிது. ஓட்டின் வழியே இறங்கும் நீர், ஓடுகளைத் தாங்கும் சாய்வான மரச்சட்டமான கழுக்கோலைப் பிடித்துக்கொண்டு சரிந்து வந்து, தடை உள்ள இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகடு வரை பாருங்கள். வெவ்வேறு அச்சில் வார்த்த ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. புயலுக்குப் பின் போட்ட ஓடும் பழைய ஓடும் சந்திக்கும் வரிசையை முதலில் பார்ப்பேன்.

மின்பணி, மார்த்தாண்டம்:
மேலே யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் மின்கம்பி பெரும்பாலும் கூரையின் விளிம்பை ஒட்டியே வரும். அலுமினியக் கம்பு மட்டுமல்ல, எடை குறைவு என்று பலர் வாங்கும் கார்பன் ஃபைபர் கம்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான மூங்கிலும் கடத்தும். நீங்கள் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கம்பின் நடுப்பகுதி எங்கே உரசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கம்பி செல்லும் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே செய்யுங்கள். கம்பியை மட்டும் கவனிக்க ஒருவர் தனியாக நிற்கட்டும்.

குளச்சல் கடற்கரை:
கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். படகின் அடிப்பகுதியையும் விசிறியில் சுற்றிய வலைத்துண்டையும் நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம். இயந்திரத்தை அணைத்த பிறகுதான். தண்ணீருக்கு மேல் வரை கைபேசியில் நேரலையாகப் பார்க்கலாம். கேமரா நீருக்குள் போனதும் வைஃபை அறுந்துவிடும், ஆகவே பதிவை முன்பே தொடங்கிவிட்டு இறக்குங்கள். டார்ச்சைக் கேமராவை ஒட்டிக் கட்டினால் நீரில் மிதக்கும் தூசியெல்லாம் மின்னிப் படம் வெளுத்துவிடும்; ஓரடி தள்ளிச் சாய்வாகக் கட்டுங்கள். உங்கள் கேமரா எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று பார்த்து, அதன் கதவின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நெடுநாள் இறங்காத கிணற்றில் நச்சுக்காற்று தேங்கி நிற்கக்கூடும் என்பதால், ஆளை இறக்குவதற்குப் பதில் கேமராவை இறக்க நினைத்தது மிக நல்ல முடிவு, தம்பி.

தக்கலை வீடு:
அனைவருக்கும் நன்றி. மின்பணி அண்ணன் சொன்னபடி, மின்கம்பி செல்லும் வடக்குப் பக்கத்தைத் தொடவில்லை. அம்மா கம்பியைக் கவனித்துக்கொண்டு நின்றார்கள். இன்று காலை எடுத்த பதிவில், சொட்டும் இடத்திலிருந்து ஏழு ஓடுகள் மேலே, பழைய ஓட்டின் மீது புது ஓடு படியாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிகிறது. அதற்குள் பலாவின் சருகுகள் கறுத்து, ஈரம் காயாமல் அடைந்திருக்கின்றன; அவற்றின் நடுவே சின்னஞ்சிறு பாசி கூட முளைத்திருக்கிறது. உள்ளே ஏணி வைத்து அந்தக் கழுக்கோலை ஆணியால் குத்திப் பார்த்தேன். அரை அங்குலம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. ஓடு மாற்றுபவரிடம் காணொளியைக் காட்டினேன். கூரை மேல் ஏறாமல், உள்ளிருந்தே அந்த வரிசையைக் கழற்றி, கழுக்கோலையும் மாற்றித் தருவதாகச் சனிக்கிழமை வருகிறார். கிணற்றை அதற்குப் பிறகு பார்க்கிறேன்.