கீழாநெல்லி எக்ஸ்ட்ராக்ட்: டிபிபிஹெச்-இல் ஐசி50 வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ஏன்?

வேளச்சேரி_மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குக் கீழாநெல்லி மெத்தனால் எக்ஸ்ட்ராக்டின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை டிபிபிஹெச் (ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் நிறம் மங்கும் ஊதா நிறமி) வைத்துப் பார்க்கிறேன். 0.1 மில்லிமோலார் டிபிபிஹெச் 1 மி.லி., எக்ஸ்ட்ராக்ட் 1 மி.லி., இருட்டில் 30 நிமிடம், பிறகு 517 நா.மீ.-இல் ஒளி உறிஞ்சல். போன வாரம் கண்ட்ரோல் (எக்ஸ்ட்ராக்ட் இல்லாத குழாய்) 0.58, ஐசி50 (நிறமியில் பாதியைத் தணிக்கும் செறிவு) 46 மைக்ரோகிராம்/மி.லி. இந்த வாரம் அதே எக்ஸ்ட்ராக்ட், அன்றைக்குக் கரைத்து வைத்த அதே டிபிபிஹெச், கண்ட்ரோல் 0.35, ஐசி50 28. எதை எழுதுவது? "கல்லீரலைப் பாதுகாக்கும்" என்று முடிவில் போடலாமா?

ஸ்பெக்ட்ரோ:
28-ஐ விட்டுவிடுங்கள். சம அளவு கலந்தால் டிபிபிஹெச் 0.05 மில்லிமோலார் ஆகும். அதற்குக் கண்ட்ரோல் 0.55–0.6 வர வேண்டும். 0.35 என்றால் நிறமியில் சுமார் 40% ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருப்பதைத் தணிக்கக் கொஞ்சம் எக்ஸ்ட்ராக்டே போதும், அதனால் ஐசி50 இறங்கிவிட்டது. எக்ஸ்ட்ராக்டின் வீரியம் கூடவில்லை.

100 மி.லி. மெத்தனாலுக்கு 3.9 மி.கி., அன்றன்று புதிதாகக் கரைத்து ஃபாயில் சுற்றி வையுங்கள். தூள் மெதுவாகத்தான் கரையும். ஃப்ளாஸ்க்கைச் சாய்த்துப் பார்த்து அடியில் கருந்துகள் இருந்தால் சோனிகேட்டரில் (மீயொலியால் கரைக்கும் கருவி) வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டுக்கு அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) கூடவே ஓட்டுங்கள். அதன் ஐசி50 நகர்ந்தால் கோளாறு செடியில் இல்லை.

இலைப் பச்சைக்கும் 517-இல் கொஞ்சம் உறிஞ்சல் உண்டு. ஒவ்வொரு செறிவுக்கும் எக்ஸ்ட்ராக்ட் + வெறும் மெத்தனால் வைத்து அந்த அளவைக் கழியுங்கள். செறிவு கலப்பதற்கு முன்னதா, பின்னதா என்றும் எழுதுங்கள். இதில் குழம்பினால் ஐசி50 அப்படியே இரட்டிப்பாகும்.

மூலிகைத்தோட்டம்:
செடி எங்கிருந்து? சென்னை ராசப்ப செட்டி தெரு மூலிகைக் கடைகளில் வாங்கிய காய்ந்த சரக்கு என்றால் இனத்தை உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள். ஃபில்லாந்தஸ் அமாரஸோடு (கீழாநெல்லி) அதன் உறவுச் செடிகளும் கலந்து வரும், காய்ந்த பின் கண்ணால் பிரிப்பது கடினம். பூ, காயோடு முழுச் செடியாக எடுத்து ஒரு மாதிரியை ஹெர்பேரியம் தாளில் பதித்து, தாவரவியலாளரிடம் சான்று வாங்குங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர்க் காற்றில் எக்ஸ்ட்ராக்ட் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அதை 10 மி.கி. நிறுத்தால் அதில் தண்ணீரும் சேர்ந்தே எடை நிற்கும். சிலிகா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் (ஈரம் நீக்கும் மூடிய பாத்திரம்) வைத்து, எடை மாறாமல் நின்ற பிறகு எடுங்கள்.

செல்_கல்ச்சர்:
இரண்டாவது கேள்விக்கு: போடக் கூடாது. டிபிபிஹெச் குழாய்க்குள் நடக்கும் வேதிவினை. குடலில் உறிஞ்சப்படுவது, கல்லீரலில் உருமாறுவது எதுவும் அதில் இல்லை. கீழாநெல்லியின் பெயர் பரவியதற்கு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி சுமந்தவர்களுக்கு 200 மி.கி. தினம் 3 வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் (இரத்தத்தில் தொற்றைக் காட்டும் வைரஸ் புரதம்) மறைந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு. வேறு இடங்களில் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அதுவும் வைரஸ் பற்றிய ஆய்வு, ஆன்டிஆக்சிடன்ட் பற்றியது இல்லை.

அடுத்த படி வேண்டுமானால் ஹெப்ஜி2 (மனிதக் கல்லீரல் புற்று) செல்கள். எக்ஸ்ட்ராக்டையும், செல்லைச் சேதப்படுத்தப் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். எக்ஸ்ட்ராக்ட் மீடியத்திலேயே (செல் வளரும் திரவம்) பெராக்சைடை அழித்துவிட்டால் செல் காப்பாற்றப்பட்டது போலத் தெரியும். 24 மணி நேரம் எக்ஸ்ட்ராக்ட், பிபிஎஸ்-இல் (உப்புத் தாங்கல் கரைசல்) இரண்டு முறை கழுவல், அதன் பிறகு பெராக்சைடு. எம்டிடி என்பது உயிருள்ள செல் ஊதாவாக்கும் மஞ்சள் சாயம்; எக்ஸ்ட்ராக்டின் பாலிபீனால்கள் (செடியின் ஆன்டிஆக்சிடன்ட் சேர்மங்கள்) செல்லே இல்லாமலும் அதை ஊதாவாக்கும். செல் இல்லாத தட்டுக் குழிகளில் எக்ஸ்ட்ராக்ட் + எம்டிடி கட்டாயம் வையுங்கள். அங்கே நிறம் வந்தால் எல்டிஹெச் (சேதமான செல்லிலிருந்து வெளியேறும் நொதி) கசிவை அளந்து முடிவு செய்யுங்கள்.