குடும்பத்தை பிரான்சுக்கு அழைக்கும்போது விசா எங்கே இடிக்கும்?

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து புதிதாக வந்தவர்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கும்போது சம்பளத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, கடைசி நேரத்தில் காலை வாருவது ஊரிலிருந்து வரும் பிறப்புச் சான்றிதழ்.

முதலில், நீங்கள் எந்த வழியில் அழைக்கிறீர்கள்? பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர் என்றால் (நம் புதுச்சேரிக் குடும்பங்களில் நிறையப் பேர்), மனைவிக்கோ கணவருக்கோ நீண்டகால விசாவை மறுக்க மூன்றே காரணங்கள்: மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து. சம்பளமும் வீட்டு அளவும் இதில் வராது. ஆனால் கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பிரெஞ்சுக் கான்சுலேட்டில் ‘திருமணத்துக்குத் தடையில்லை’ என்ற சான்றை முன்கூட்டியே வாங்காமல் மண்டபம் பிடித்து முகூர்த்தத்தை முடித்துவிட்டால், அப்புறம் அந்தப் பதிவுக்கே இழுபறிதான்.

இந்திய பாஸ்போர்ட்டில், சாதாரண கார்த் தெ செஜூரில் (பிரான்சில் தங்குவதற்கான அனுமதி அட்டை) இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 18 மாதம் சட்டப்படி இங்கே இருந்திருக்க வேண்டும். கடந்த 12 மாதச் சராசரி வருமானம் ஸ்மிக் (பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம்) அளவாவது வேண்டும். நான்கைந்து பேர் என்றால் 10% கூடுதல். குடும்ப உதவித்தொகையை இதில் சேர்க்க மாட்டார்கள். பாரிஸ் பக்கம் இருவருக்கு 22 சதுர மீட்டர் வீடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு 10. ஒரு பிள்ளையை மட்டும் இப்போது அழைத்து, மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாலும் பொதுவாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, ப்ரெஃபெக்சூர் (மாவட்ட அரசு அலுவலகம்) சம்மதித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு முடிந்தது என்று டிக்கெட் பார்க்காதீர்கள். விசா அதிகாரி உறவை நிரூபிக்கும் காகிதங்களை மறுபடி பார்ப்பார். சான்றிதழில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதி இருக்கும்; அவர் கண் அங்கேதான் போகும். 1994-இல் வீட்டில் பிறந்து, 2011-இல் பாஸ்போர்ட்டுக்காகப் பதிந்தது என்றால் சந்தேகம் வரும். நம் ஊரில் இது சர்வசாதாரணம், அவருக்கு அப்படியில்லை. ஓராண்டு தாண்டிய பதிவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்திருக்க வேண்டும். அதன் நகலையும் பள்ளி டிசியையும் தேடியெடுத்துக் கூடவே வையுங்கள்.

அடுத்த தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் ‘செல்வம் முருகேசன்’, கல்யாணச் சான்றிதழில் ‘மு. செல்வம்’, பிள்ளையின் சான்றிதழில் வெறும் ‘செல்வம்’. நமக்கு மூவரும் ஒரே ஆள். அங்கே அப்பா யார் என்ற கேள்வியே எழும். ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரியிடம் வாங்கும் அஃபிடவிட்டை மட்டும் நம்ப வேண்டாம். முடிந்தால் நகராட்சியிலேயே சான்றிதழைத் திருத்திவிடுங்கள். அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாகச் சான்றிதழில் வாங்கும் அரசு முத்திரை), மொழிபெயர்ப்பு எல்லாம் திருத்தத்துக்குப் பிறகுதான். முன்னாடியே செய்துவிட்டால் இரட்டைச் செலவு.

மறுத்துவிட்டால்? 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள மேல்முறையீட்டுக் கமிஷனுக்கு பிரெஞ்சில் எழுத வேண்டும். அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது. கமிஷன் இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டால் அதுவும் மறுப்புதான்; அடுத்து நாந்த் நிர்வாக நீதிமன்றம். குழந்தை உங்களைத் தேடி அழுகிறது என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்துக்கு நேராக எந்தக் காகிதம் இருக்கிறதோ அதை வையுங்கள்.