குதிரை லாரி ஓட்ட எந்த லைசென்ஸ் வேண்டும்?

வாட்ஸ்அப் குழு: நம் குடும்பம், திருவான்மியூர்

கதிர், காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் எனக்கு ஓட்டுநர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். போட்டிகளுக்கு ஆறு குதிரைகளையும் ஒரே நடையில் பெங்களூருக்குக் கொண்டுபோக, பழைய லாரி ஒன்றை வாங்கிப் புதிதாகப் பாடி கட்டியிருக்கிறார்கள். என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. எடுத்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதுவே போதும், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார் முதலாளி. பெரியப்பாவும் மாமாவும் சரி என்று சொன்னால்தான் ஒப்புக்கொள்வேன்.

அம்மா, காலை 7:14
குதிரை உதைத்தால் என்ன செய்வாய் என்று முதலில் கேட்டுக்கொண்டு வா.

பெரியப்பா, காலை 7:52
கதிர், உன் முதலாளி பாதித் தீர்ப்பைத்தான் படித்திருக்கிறார். 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது இதுதான்: இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த வாகன எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். 2017இல் சிறிய அமர்வு ஒன்று சொன்னதையே இவர்களும் உறுதி செய்தார்கள். 7,500ஐத் தாண்டிய வண்டிக்கு இந்தத் தீர்ப்பு எந்தச் சலுகையும் தரவில்லை. இங்கே கணக்கில் வருவது அன்றைக்கு ஏற்றிய பாரம் அல்ல, ஆர்சி புக்கில் பதிந்திருக்கும் மொத்த எடை. ஆகவே குதிரையே இல்லாமல் வெறும் வண்டியைப் பெட்ரோல் பங்க் வரை ஓட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது அதே எடை உள்ள வண்டிதான்.

பந்தயக் குதிரை ஒன்று சராசரியாக 450 முதல் 550 கிலோ வரை இருக்கும் என்பார்கள். ஆறு குதிரை என்றால் மூன்று டன், அதன் மேல் பாடி, தீவனம், தண்ணீர், ஆட்கள். போதாததற்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்று ஒரு விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலங்குகளை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் இருக்க வேண்டும், குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்கிறது அது. ஆறு குதிரைக்கு 13.5 சதுர மீட்டர் ஆகிறது. லாரியின் உள் அகலத்தை 2.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பாடி கிட்டத்தட்ட 20 அடி வரும். 20 அடி பாடி கட்டிய லாரி 7,500 கிலோவுக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆர்சி புக்கின் படத்தை வாங்கி இங்கே போடு.

கதிர், காலை 7:58
மதியம் கேட்டு அனுப்புகிறேன் பெரியப்பா. ஒருவேளை எடை தாண்டியிருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பெரியப்பா, காலை 8:20
போக்குவரத்து வாகன லைசென்ஸ் எடுக்க வேண்டும். நடுத்தர வண்டி, கனரக வண்டி என்று தனித்தனியாக இருந்த பிரிவுகளை 1994 திருத்தத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும், உனக்கு நிரம்பிவிட்டது. இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், அதுவும் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்புத் தகுதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். நீயோ பட்டதாரி, அது எப்போதுமே உனக்குப் பிரச்சினை இல்லை. சாரதி என்ற அரசு இணையதளத்தில் எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, படிவம் 1ஏவில் மருத்துவரின் சான்றிதழ் இணைக்க வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அது கைக்கு வந்து முப்பது நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் படிவம் 5. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கனரக வண்டி பழகியதற்கான சான்றிதழ் அது. கார் மட்டும் சொல்லித் தரும் பள்ளியில் பணம் கட்டிவிட்டுப் பிறகு அலையாதே. அவர்களிடம் கனரக வண்டி இருக்கிறதா, அதற்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேள். லைசென்ஸ் வந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், முன்பு மூன்றாண்டாக இருந்தது.

இன்னொன்றையும் முதலாளியிடம் சொல். நான் சொன்ன 125இ விதிப்படி, விலங்குகளை ஏற்ற மாற்றியமைத்த வண்டிக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் தனியாக ஒரு சிறப்பு உரிமம் வாங்க வேண்டும். அந்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. திரும்பி வரும்போது ஓசூரில் காய்கறி ஏற்றிக்கொண்டு டீசல் செலவைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இருந்தால் இப்போதே கைவிடச் சொல்.

மாமா, காலை 9:05
மாப்பிள்ளை, சட்டத்தைப் பெரியவர் விளக்கமாகச் சொல்லிவிட்டார், நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேர்வில் அவர்கள் பார்ப்பது ரிவர்ஸ் எடுப்பதையும், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருள விடாமல் கிளப்புவதையும்தான். இரண்டையும் நன்றாகப் பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஆனால் குதிரை லாரி என்பது வேறு கணக்கு. நான் இந்த ஊரில் தண்ணீர் லாரி ஓட்டியவன். டேங்க் நிறைய இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். பாதி இருந்தால் பிரேக் போட்ட பிறகு தண்ணீர் முன்னால் வந்து நம்மைத் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். குதிரையும் அப்படித்தான், நின்றுகொண்டே வருவதால் பாரம் முழுவதும் மேலே இருக்கிறது, போதாக்குறைக்கு அதற்குக் கால் வேறு இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் விளக்கைப் பார்த்து நீ பிரேக் போட்டால் அதற்குள் தாமதமாகிவிடும். அந்த பஸ்ஸுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்துக் குறைத்தே நிறுத்தப் பழகு. மத்திய கைலாஷ் சிக்னலில் இப்படி நிறுத்தத் தெரிந்துவிட்டால் எங்கேயும் நிறுத்தலாம்.

அம்மா, காலை 9:11
இதைப் படித்த பிறகு எனக்குப் பயம் கூடித்தான் இருக்கிறது.

பிரியா, காலை 10:40
பெரியம்மா, பயப்பட வேண்டாம். வேப்பேரியில் எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்ததைச் சொல்கிறேன். விலங்குகளைக் கொண்டுசெல்வது பற்றி 1978இல் வந்த விதிகளில் குதிரைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தரையில் வழுக்காமல் இருக்கத் தென்னை நார்ப் பாய் அல்லது பலகை போட வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறைந்தது எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் கழி வேண்டும். பின்பக்கம் விழாமல் இருக்க உறுதியான இரண்டு குறுக்குக் கட்டைகள் வேண்டும். ஒரு வண்டியில் நான்கிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் கூடாது, ஏறி இறங்கச் சாய்தளமும் உடன் ஒரு பராமரிப்பாளரும் கட்டாயம். கிளம்பும் முன் குதிரை பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: குதிரைகளின் தலை இடப்பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் நம்மை வலப்பக்கமாகத்தான் முந்திப் போகும். ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு பாயும் பஸ்ஸைக் கண்ணெதிரே பார்த்தால் குதிரை மிரளும் என்பதை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

கதிர், கயிறு விஷயத்தில் மட்டும் நீ யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் குதிரை மணிக்கணக்கில் குனிய முடியாமல் நிற்கும். குனிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். இல்லாவிட்டால் அது நுரையீரலுக்கு இறங்கித் தொற்றாகிவிடும். நீண்ட பயணம் முடித்த இரண்டொரு நாளில் காய்ச்சலோடு வரும் குதிரைகளுக்குப் பல நேரம் இதுதான் காரணம். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டும்போது அவிழ்த்துத் தலையைத் தாழ்த்த விட வேண்டும்.

கதிர், காலை 10:52
வேகத்துக்கு ஏதாவது விதி இருக்கிறதா அக்கா?

பிரியா, காலை 10:55
இருக்கிறது, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

மாமா, காலை 11:03
35 என்றால் பெங்களூருக்குப் பத்து மணி நேரம் ஆகும் அம்மா, அதுவும் எங்கும் நிற்காமல் போனால். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் ஒவ்வொருவனும் திட்டிக்கொண்டேதான் போவான். ஆனாலும் இடப்பக்கத் தடத்தை விடாமல் போவதுதான் சரி. மாலை வெயில் தாழ்ந்ததும் கிளம்பி, வேலூர் பக்கம் ஒரு முறையும் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு முறையும் நிறுத்தினால் விடிந்த பிறகு போய்ச் சேரலாம். இரவு முழுவதும் ஒருவனே ஓட்டுவது கூடாது, இரண்டாவது ஓட்டுநர் உண்டா என்று கேள். சம்பளம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

தேன்மொழி, பிற்பகல் 2:30
இப்போதுதான் எழுந்து பார்த்தேன். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் நியூமார்க்கெட் ஊர் முழுக்கப் பந்தயக் குதிரை லாயங்கள்தான், குதிரை லாரி எங்கள் தெருவில் தினமும் போகும். இங்கும் எடையை வைத்துத்தான் லைசென்ஸ். 3.5 டன்னுக்கு மேல் 7.5 டன் வரை சி1 என்ற பிரிவு, அதற்கு மேல் சி. 1997 ஜனவரி 1க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு சி1 தானாகவே கிடைத்துவிட்டது. அதனால் லாயங்களில் வயதானவர்கள் சிறிய லாரிகளை யோசிக்காமல் எடுத்துப் போகிறார்கள், இளைஞர்கள் மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருக்கிறது. இவை தவிர, தொழில்முறையில் 65 கிலோமீட்டருக்கு மேல் குதிரை ஏற்றிச் செல்கிறவர், விலங்குகளைக் கையாளத் தெரியும் என்பதற்குத் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

பெரியப்பா, பிற்பகல் 2:41
அந்தக் கடைசி ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நம் ஊரில் வண்டிக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள், கழிக்கு விட்டம் சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ் தரும்போது மட்டும், ஓட்டுகிறவனுக்குக் குதிரையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கதிர், பிற்பகல் 3:25
ஆர்சி புக்கின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்த எடை 11,120 கிலோ என்று இருக்கிறது.

பெரியப்பா, பிற்பகல் 3:31
அப்படியானால் உன் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு அந்த வண்டியைத் தொடாதே. பிடிபட்டால் உனக்கு 5,000 ரூபாய், ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாய்; சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்தாகி மூன்றாம் நபருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம், உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று அந்தப் பணத்தை உரிமையாளரிடமே திருப்பிக் கேட்டால் அவர் பள்ளியை விற்க வேண்டியிருக்கும். இந்தச் செய்தியை அப்படியே அவருக்கு அனுப்பிவிடு.

கதிர், மாலை 6:15
அனுப்பினேன் பெரியப்பா, நேரிலும் பேசிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார். காப்பீட்டு விஷயத்தைப் படித்ததும் அமைதியாகிவிட்டார். லைசென்ஸ் வரும் வரை வெளியிலிருந்து ஒரு கனரக ஓட்டுநரை வைத்துக்கொள்கிறார். பிரியா அக்கா சொன்ன விதிப்படி வண்டியில் ஒரு பராமரிப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்பதால், அந்த இடத்தில் என்னை இப்போதே சேர்த்துக்கொள்கிறேன் என்றார், சம்பளம் மட்டும் சற்றுக் குறைவு. தலைக்கயிறு பிடிப்பது, சாய்தளத்தில் ஏற்றுவது, லாயத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் திங்கட்கிழமை முதல். பயிற்சிப் பள்ளிக் கட்டணத்தில் பாதியை அவர் தருகிறார்.

மாமா, மாலை 6:22
நல்லது மாப்பிள்ளை. பின்னால் குதிரையோடு நின்று ஒரு முறை பெங்களூர் போய் வா, பிரேக் எப்படிப் போட வேண்டும் என்று எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லித் தராததை உன் முழங்கால் சொல்லித் தரும். இரண்டாவது ஓட்டுநரைப் பற்றிக் கேட்டாயா?

கதிர், மாலை 6:24
கேட்டேன் மாமா. பெங்களூர் நடைக்கு எப்போதும் இரண்டு ஓட்டுநர்கள் என்று ஒப்புக்கொண்டார்.

அம்மா, மாலை 6:30
அந்த படிவம் 1ஏவுக்கு நம் தெருமுனை டாக்டரிடம் நாளைக் காலை டோக்கன் வாங்கி வைக்கிறேன். டெட்டனஸ் ஊசியும் அங்கேயே போட்டுக்கொள்.